விட்ட இடத்திற்கு மீளும் உரையாடல்

மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டை வழியாக லக்கல பல்லேகம நோக்கிச் செல்லும் மலைப்பாதையிலே, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், ரிவர்ஸ்டன் என்னும் இடம் இருக்கின்றது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஒரு கணவாய் அது. ஒரு பக்கத்தில் மழையும் ஈரமும் மிகுந்த இரத்தோட்டைச் சரிவு. மறுபக்கத்தில் வறட்சி கண்ட லக்கல நாடு. இரண்டிற்கும் நடுவே காற்று ஆளையே தள்ளிவிடும். கண்மூடித் திறப்பதற்குள் மூடுபனி வந்து வழியை மறைத்துவிடும்.

அந்தப் பாதையின் அமைப்பை நினைவில் கொள்ளுமாறு உங்களைக் கேட்டுக்கொள்கின்றேன். பெருவழி ஒன்றே. ஆனால் கணவாய்க்கு அருகே ஒரு கிளைப்பாதை பிரிந்து, மலைமேல் உள்ள தொலைத்தொடர்புக் கோபுரத்திற்கு ஏறுகின்றது. சற்று அப்பால் பிட்டவல பத்தன என்னும் புல்வெளிக்கு இன்னொரு கிளைப்பாதை. அந்தப் புல்வெளியின் ஓரத்திற்கு நடந்தால், 'சிறு உலக முடிவு' என்று மக்கள் அழைக்கும் செங்குத்துப் பள்ளம். அங்கே சென்றவர் மீண்டும் புல்வெளிக்கு வரவேண்டும். புல்வெளியிலிருந்து பெருவழிக்கு வரவேண்டும். அதன் பின்னரே பயணம் தொடரும். கிளையிலிருந்து கிளைக்குப் போனவன், போன வரிசைக்கு நேர்மாறான வரிசையில் திரும்ப வேண்டும். மனிதருடைய பேச்சும் இப்படிப்பட்ட பாதைதான் என்பதும், பேசும் இயந்திரங்களுக்கு அந்தப் பாதையைக் கற்பிக்க அறிஞர்கள் முக்கால் நூற்றாண்டாக எவ்வாறு முயன்று வந்தனர் என்பதுமே இன்றைய பேச்சின் பொருள்.

சில காலத்துக்கு முன் நண்பர் சிலருடன் ரிவர்ஸ்டன் சென்றிருந்தேன். எங்கள் வேனை ஓட்டியவர் இரத்தோட்டைப் பக்கத்துத் தமிழர், நல்ல பேச்சாளி. தம் தகப்பனார் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த கதையைத் தொடங்கினார். பாதி வழியில் ஒரு நண்பர், "அண்ணே, அந்தக் கோபுரத்துக்குப் போகலாமா?" என்று குறுக்கிட்டார். "நடந்து போவீங்களா தம்பி, வேனிலேயே போகணுமா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். "நடந்தால் அட்டை கடிக்குமா?" என்றார் நண்பர். "மழை பெய்திருந்தால் கடிக்கும், உப்பு இருக்கிறது, பயப்படாதீங்க" என்றார். "அப்படியானால் நடந்தே போவோம்" என்று நண்பர் சொல்ல, "நடப்பதானால் போகலாம்" என்று முதற் கேள்விக்கு விடை தந்துவிட்டு, "அது இருக்கட்டும், அப்பாவைத் தோட்டத்து வாசலில் நிறுத்திவிட்டு வந்தேன் அல்லவா?" என்று கதையைத் தொடர்ந்தார்.

கதை நின்றது, அதற்குள் ஒரு கேள்வி, கேள்விக்குள் எதிர்க்கேள்வி, அதற்குள் அட்டைக்கடி. நான்கு தளங்கள் இறங்கியவர், ஒவ்வொன்றாக ஏறி, தகப்பனார் நின்ற வாசலுக்கே வந்து சேர்ந்தார். அதை நாங்கள் எவரும் ஒரு வித்தையாக எண்ணவில்லை.

அன்று மாலை இரத்தோட்டையில் இருந்தபோது, தங்குமிடம் ஒன்றைப் பதிவு செய்ய, கைப்பேசியில் எழுத்து மூலம் விடை தரும் ஒரு சேவையை நாடினோம். "எத்தனை பேர்?" என்று இயந்திரம் கேட்டது. "சிறு பிள்ளைகளுக்கும் கட்டணம் உண்டா?" என்று நண்பர் கேட்டார். அதற்குச் சரியாகவே விடை தந்தது. தந்துவிட்டு, "வணக்கம், உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?" என்றது. நாளும் ஊரும் பெயரும் ஏற்கெனவே சொல்லியாயிற்று; யாவும் போயின. வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிட்டது.

நமக்கு அது ஒரு சிரிப்பு. ஆனால் மருத்துவமனையில் முறைநாள் பெறவும், வங்கிக் கணக்கை விசாரிக்கவும், அரசாங்க உதவிக்கு விண்ணப்பிக்கவும் இத்தகைய இயந்திரங்களே வாயிற்காவலராக நிற்கத் தொடங்கிவிட்ட காலம் இது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு மூதாட்டி மூன்று முறை முதலிலிருந்து தொடங்குவாள். நான்காம் முறை விட்டுவிடுவாள். ஆகவே, பேச்சின் இடத்தை மறவாதிருத்தல் பொறியியல் நுணுக்கம் மட்டுமன்று. யார் உதவி பெறுகின்றார், யார் வாயிலிலேயே திரும்பிப் போகின்றார் என்பதைத் தீர்மானிக்கும் காரியமும் ஆகும்.

கதைக்குள் கதை சொல்வது நம் நாடுகளுக்குப் புதிதன்று. மகாபாரதத்தில், சனமேசயனுக்கு வைசம்பாயனர் சொன்ன கதையை, நைமிசாரணிய முனிவர்களுக்குச் சூத முனிவர் சொல்கின்றார். அதற்குள் நளன் கதையும் சாவித்திரி கதையும் வந்து போகின்றன. பஞ்சதந்திரத்தில் விட்டுணுசருமன் அரச குமாரர்க்குச் சொல்லும் கதையில், விலங்குகளும் ஒன்றுக்கொன்று கதை சொல்கின்றன. பௌத்தருடைய சாதகக் கதைகள் 547-இலும் இந்த ஒழுங்கு தெளிவாகவே உண்டு. முதலில் நிகழ்காலத்தில் ஒரு நிகழ்ச்சி. அதைக் காரணமாக வைத்துப் பழம்பிறப்பின் கதை. இறுதியில் 'அன்று அவனாக இருந்தவன் இன்று இவனே' என்று இரண்டையும் பிணைக்கும் பகுதி. அந்த இறுதிப் பகுதிக்குப் பாலி மொழியில் 'சமோதானம்' என்று பெயர். உட்கதையில் கிடைத்த பொருளை வெளிக்கதைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் படி அது. அந்தப் படி இல்லையேல் உட்கதை வெறும் திசைதிருப்பலாகவே முடியும்.

மாத்தளைக்குச் சற்று வடக்கே அலுவிகாரை இருக்கின்றது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே காக்கப்பட்டு வந்த பௌத்தத் திருமறை ஏட்டில் எழுதப்பட்டது அங்கேதான் என்பது மரபு. நினைவு எவ்வளவு வலியதாயினும், அதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லை நெருங்கும்போது வெளியே ஓரிடத்தில் எழுதி வைக்க வேண்டும். கணினியாளர் இருபதாம் நூற்றாண்டில் கண்டதும் இதே உண்மையைத்தான்.

1945-இல் ஆங்கிலக் கணித அறிஞர் ஆலன் டூரிங், தாம் கட்ட விரும்பிய மின்கணினி பற்றி ஓர் அறிக்கை எழுதினார். ஒரு பெருவேலையின் நடுவே ஒரு சிறுவேலையைச் செய்ய வேண்டி வந்தால், கணினி பெருவேலையை எந்த இடத்தில் விட்டது என்பதைக் குறித்து வைக்க வேண்டுமல்லவா? அந்தக் குறிப்பை வைப்பதற்குப் 'புதைத்தல்' என்றும், மீட்பதற்குத் 'தோண்டியெடுத்தல்' என்றும் பொருள்படும் சொற்களை அவர் ஆண்டார். பின்னர், 1957-இல், செருமனியின் மியூனிக் நகரில் பிரீட்ரிக் பவர், கிளவுஸ் சாமெல்சன் என்னும் இருவர் இதே கருத்தைச் செப்பமாக்கிக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். அவர்கள் இட்ட பெயர் 'நிலவறை'. நாம் இன்று 'அடுக்கு' என்கின்றோம். விருந்து வீட்டில் கழுவி வைத்த தட்டுக்களைப் போல, கடைசியாக வைத்ததே முதலில் எடுக்கப்படும். அடியில் உள்ள தட்டு தன் முறைக்குக் காத்திருக்கும். ஆனால் தொலைந்து போகாது.

அதே 1957-இல் ஆத்திரேலியாவில் இவ்வடுக்கு முறையை முன்மொழிந்தவர் சார்லஸ் ஹாம்பிளின். அவர் ஒரு தத்துவப் பேராசிரியர் என்பது கவனிக்கத்தக்கது. 1970-இல் அவர் வெளியிட்ட நூல் தருக்கப் போலிகளைப் பற்றியது. அதில், வாதம் புரிவோர் ஒவ்வொருவரும் எதை ஒப்புக்கொண்டார் என்பதை ஒரு கணக்கேட்டில் எழுதிக்கொண்டே போக வேண்டும் என்ற விதியை வகுத்தார். கணினியின் அடுக்கும் உரையாடலின் கணக்கேடும் ஒரே மனிதரின் சிந்தனையில் பிறந்தமை வியப்பே. ஆயினும் அவ்விரண்டும் ஓர் இயந்திரத்தில் ஒன்றுகூட மேலும் பல ஆண்டுகள் சென்றன.

1966-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம், 'எலிசா' என்னும் உரையாடும் நிரலை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அது மனநல மருத்துவரைப் போலப் பேசிற்று. பேசுகின்றவர் சொல்லும் வாக்கியத்தில் ஒரு முக்கியச் சொல்லைப் பிடித்து, அதையே கேள்வியாகத் திருப்பிவிடும். பிடிப்பதற்குச் சொல் ஒன்றும் கிடைக்காதபோது, முன்பு பேசுகின்றவர் தம்மைப் பற்றிச் சொன்ன ஏதேனும் ஒன்றை எடுத்து நினைவூட்டும். மக்கள் மயங்கினர், தங்கள் துயரங்களையெல்லாம் அதனிடம் கொட்டினர். ஆனால் அந்த நினைவு, பையில் கைவிட்டு ஒரு சீட்டை எடுப்பது போன்றது. பேச்சு எங்கே கிளைத்தது, எங்கே திரும்ப வேண்டும் என்பது எலிசாவுக்குத் தெரியாது. அந்த மயக்கத்தைக் கண்டு வருந்திய வைசன்பாமே பின்னாளில் இத்தகைய இயந்திரங்களின் கடுமையான விமரிசகராக மாறினார்.

இதற்கிடையில் மனிதர் உண்மையில் எவ்வாறு பேசுகின்றனர் என்று சமூகவியலார் ஒலிப்பதிவுகளை வைத்து ஆராயலாயினர். 1972-இல் இமானுவேல் ஷெக்லொஃப் ஓர் ஒழுங்கை எடுத்துக்காட்டினார். முதற் கேள்வி, இரண்டாம் கேள்வி, இரண்டாம் கேள்விக்கு விடை, அதன்பின் முதற் கேள்விக்கு விடை. எங்கள் ஓட்டுநர் செய்தது இதைத்தான். இடையே எத்தனை கேள்விகள் செருகப்பட்டாலும், முதற் கேள்வி கேட்டவர் தமக்கு விடை வரவேண்டியிருக்கிறது என்பதை மறப்பதில்லை.

இங்கே நம் இலக்கணத்தை நினைவுகூர வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், விடை எண்வகைப்படும் என்று கூறி, அவற்றுள் ஒன்றாக வினா எதிர் வினாதலையும் சேர்த்திருக்கின்றது. 'இதைச் செய்வாயா?' என்று கேட்டவனுக்குச் 'செய்யேனோ?' என்று திருப்பிக் கேட்டால், அது வடிவில் வினா. பொருளில் 'செய்வேன்' என்னும் விடை. ஆனால் 'எப்போது செய்ய வேண்டும்?' என்று கேட்டால், அது விடையன்று; புதிய கிளைப்பாதையின் தொடக்கம். முன்னது பேச்சை மூடுகின்றது. பின்னது பேச்சைத் திறக்கின்றது. இரண்டும் ஒரே உருவில் வருவதால், பேசும் இயந்திரம் இவற்றை வேறு பிரித்தறிதல் இன்றியமையாதது. திறப்பதை மூடுவதாகக் கொண்டால் விடை பெறாமலே வேலை முடிந்துவிடும். மூடுவதைத் திறப்பதாகக் கொண்டால் இயந்திரம் முடிவில்லாமல் காத்திருக்கும்.

இந்த ஆராய்ச்சிக்குக் கணினித் துறையில் அடித்தளமிட்டவர் பார்பரா குரோஸ் என்னும் அம்மையார். 1970-களில் கலிபோர்னியாவில், காற்றழுத்தப் பொறி ஒன்றின் பகுதிகளைப் பூட்டும் தொழிலில், வல்லுநர் ஒருவரும் பயிலுநர் ஒருவரும் பேசிக்கொண்ட பேச்சுக்களைப் பதிவு செய்து அவர் ஆராய்ந்தார். ஒரு பதிவில், தொடக்கத்தில் பொறியைப் பற்றிப் பேசுகின்றனர். பின்னர் ஒவ்வொரு பகுதியாக எடுத்து, திருகு, மூடி, சக்கரம் என்று பேசிக்கொண்டே போகின்றனர். அரை மணி நேரமும் அறுபது கூற்றுகளும் கழிந்தபின் வல்லுநர், 'இனி அது ஓடுகின்றதா என்று பார்ப்போம்' என்ற பொருள்படப் பேசுகின்றார். 'அது' எது? சற்று முன் பேசிய மூடி அன்று. அரை மணிக்கு முன் பேசிய பொறி. கேட்டவர் ஒரு கணமும் தடுமாறவில்லை. ஏனெனில் உள்வேலைகள் யாவும் முடிந்து மூடப்பட்டுவிட்டன. எஞ்சி நிற்பது அடியில் இருந்த பெருவேலை ஒன்றே. 'அது' என்னும் சுட்டு கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, அடுக்கைப் பார்க்கின்றது.

1986-இல் குரோஸ், கான்டேஸ் சிட்னர் என்பவருடன் சேர்ந்து இதை ஒரு கோட்பாடாக வகுத்தார். பேச்சின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நோக்கம் உண்டு. நோக்கம் தொடங்கும்போது அடுக்கின்மேல் ஒரு தட்டு வைக்கப்படும், நிறைவேறும்போது எடுக்கப்படும். பேச்சில் வரும் சிறு சொற்கள் இந்த ஏற்ற இறக்கத்தின் அடையாளங்கள். நம் தமிழிலும் 'அதற்கு முன்னால் ஒன்று' என்றால் தட்டு ஏறுகின்றது. 'அது கிடக்கட்டும்', 'சரி, விட்ட இடத்திற்கு வருவோம்' என்றால் தட்டு இறங்குகின்றது. பாட்டிமார் கதை சொல்லும்போது நாம் கேட்டு வளர்ந்த சொற்களே இவை.

மறு ஆண்டு, 1987-இல், இசுரேல் நாட்டு அறிஞர் டேவிட் ஹாரெல், நிலைக்குள் நிலையை வரைந்து காட்டும் ஒரு படமுறையை வெளியிட்டார். வானூர்தியின் சிக்கலான கருவிகளை விளக்க வேண்டி அவர் கண்ட முறை அது. ஒரு பெருநிலைக்குள் பல சிறுநிலைகள். அவற்றுள் 'வரலாறு' என்னும் குறி ஒன்று. பெருநிலையை விட்டு வெளியேறிப் பிறகு மீண்டும் நுழையும்போது, தொடக்கத்திலிருந்து அன்று, கடைசியாக எங்கே இருந்தோமோ அங்கேயே சேர்ப்பது அக்குறியின் வேலை. எங்களை வாட்டிய தங்குமிட இயந்திரத்திற்குக் குறைவாய் இருந்தது இந்த ஒரு குறிதான்.

நேயர்களே, இவ்வளவையும் அறிந்த ஒரு நிரல் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். ஒருவர், ரிவர்ஸ்டன் செல்ல ஒரு வேன் வேண்டும் என்கின்றார். "எந்த நாள்?" என்கின்றது இயந்திரம். "சனிக்கிழமை மழை பெய்யுமா?" என்கின்றார் அவர். இங்கே முதல் ஆபத்து. 'சனிக்கிழமை' என்ற சொல்லைக் கேட்டவுடன் அதுவே பயண நாள் என்று எழுதிக்கொள்ளக் கூடாது. அது உட்கேள்விக்கு உரிய சொல். வேன் பற்றிய வேலையை, கேட்ட கேள்வியோடும் எதிர்பார்க்கும் விடையின் வகையோடும் ஒரு தட்டில் வைத்து, அதன்மேல் மழைபற்றிய தட்டை வைக்க வேண்டும். "மாத்தளையிலா, ரிவர்ஸ்டனிலா?" என்று கேட்க நேர்ந்தால் மூன்றாம் தட்டு. "ரிவர்ஸ்டனில்" என்ற விடை வந்ததும் மூன்றாவது நீங்கும். மழைச் செய்தி சொன்னதும் இரண்டாவது நீங்கும். அப்போது இயந்திரம் வாளா இருத்தலும் ஆகாது. "சரி, வேன் எந்த நாளுக்கு வேண்டும் என்று கேட்டிருந்தேன்" என்று திரும்பிய இடத்தை உரக்கச் சொல்ல வேண்டும். மூடுபனியில் வழிகாட்டி, 'இதோ பெருவழி' என்று சொல்வதைப் போன்றது அது.

இரண்டாம் ஆபத்து 'ஆம்' என்னும் சொல். "பதிவை உறுதி செய்யலாமா?" என்று இயந்திரம் கேட்டது, "பணம் திரும்பக் கிடைக்குமா?" என்று அவர் கேட்டார், "முன்பணத்தையா கேட்கிறீர்கள்?" என்றது இயந்திரம், "ஆம்" என்றார் அவர். அந்த 'ஆம்' எந்தக் கேள்விக்கு? மேல்தட்டிற்கே உரியது. அதை அடித்தட்டிற்குக் கொடுத்துவிட்டால், ஒப்புக்கொள்ளாத மனிதருடைய பணம் போய்விடும். ஆகவே பணமோ மருந்தோ உரிமையோ சம்பந்தப்பட்ட வேலைகளில், கிளைப்பாதை சென்று திரும்பியபின், முதற் கேள்வியை முழுமையாக மறுபடியும் கேட்பதே நேர்மை. மூன்றாம் ஆபத்து 'வேண்டாம்' என்பது. மழைச் செய்தி வேண்டாமா, வேனே வேண்டாமா? ஐயம் வந்தால் கேட்டறிய வேண்டும். ஒரு சொல்லுக்காக அடுக்கு முழுவதையும் கவிழ்த்துவிடலாகாது.

அடுக்கு ஒன்றே போதும் என்றும் எண்ணிவிட வேண்டாம். மனிதர் எப்போதும் ஒழுங்காகப் படியேறுவதில்லை. உட்கேள்வியின் நடுவே, "சரி, ஞாயிற்றுக்கிழமையே வைத்துக்கொள்ளுங்கள்" என்று நேரே அடித்தட்டிற்குத் தாவிவிடுவர். இதற்கு ஒரு தீர்வை 2003-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டான் போஹுஸ், அலெக்சாண்டர் ருட்னிக்கி ஆகியோர் தந்தனர். வந்த சொல்லை முதலில் மேல்தட்டோடு பொருத்திப் பார், பொருந்தாவிடில் அடுத்த தட்டோடு, இப்படியே அடிவரை. எந்தத் தட்டோடு பொருந்துகின்றதோ அங்கே பேச்சு திரும்பட்டும். பிட்ஸ்பர்க் நகரில் 2005 முதல், அலுவலர் இல்லாத நேரங்களில் பேருந்து விவரம் சொல்லும் தொலைபேசிச் சேவை ஒன்று இம்முறையில் நடைபெற்றது. இரவில் பேருந்துக்குக் காத்திருக்கும் சாதாரண மக்களே அதன் நேயர்கள் என்பதால், அறிஞர்கள் அதனிடமிருந்து பலவற்றைக் கற்றனர்.

2022-க்குப் பின் பரவிய பெரும் மொழி மாதிரிகள், தட்டுக்களை வெளிப்படையாக அடுக்குவதில்லை. ஒவ்வொரு முறையும் அதுவரை நடந்த பேச்சை முதலிலிருந்து படித்தே விடை சொல்லுகின்றன. அதனால் 'அது இருக்கட்டும்' என்பதையும் 'அது' என்பதையும் அவை பெரும்பாலும் சரியாகவே விளங்கிக்கொள்கின்றன. ஆயினும் அவை படிக்கக்கூடிய நீளத்திற்கு ஓர் எல்லை உண்டு. நீண்ட பேச்சின் நடுவிலே சொன்ன ஒன்று நழுவுவதும் உண்டு. ஆதலால் பதிவு, பணம், மருந்து முதலிய காரியங்களில், எது கேட்கப்பட்டது, எது ஒப்புக்கொள்ளப்பட்டது என்பதை மாதிரிக்கு வெளியே ஓர் ஏட்டில் எழுதி வைத்தலே பாதுகாப்பு. அலுவிகாரையில் அமர்ந்து எழுதியவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது.

பொறியியலாளர் இதை நினைவுச் சிக்கல் என்பர். பேசுகின்றவருக்கோ அது மரியாதைச் சிக்கல். நாம் சொன்னதை ஒருவர் மறந்துவிட்டால் மனம் நோகின்றோம். குறுக்கே கேட்ட கேள்விக்கும் விடை தந்து, விட்ட இடத்தையும் நினைவில் வைத்திருந்தால் மதிக்கப்பட்டதாக உணர்கின்றோம். இரத்தோட்டை ஓட்டுநர் எங்களுக்குச் செய்த மரியாதை அது. இயந்திரம் கட்டுகின்ற நம் இளைஞர்கள், ஒரு மூதாட்டி நடுவே எத்தனை கேள்வி கேட்டாலும் அவளை முதலிலிருந்து தொடங்கச் சொல்லாத இயந்திரத்தைத் தமிழிலே கட்ட வேண்டும். கிளைப்பாதையில் இறங்கியவரைப் பெருவழியில் கொண்டுவந்து சேர்ப்பதே வழிகாட்டியின் கடமை.